இடக்கைக்காரர்

கவுஞ்சி வளைவில்
டாக்டர் ஞானாதிக்கத்துக்குச் சிலை வைத்தார்கள்.
செய்தவர் திண்டுக்கல் பக்கம்,
தலைவர்களையே வார்த்துப் பழகியவர்.
வலக்கையை உயர்த்தி
ஒரு விரலை நீட்டிவிட்டார்.
விரல் காட்டும் திசையில் பூண்டுக் கொட்டகை,
அதற்கப்பால் மஞ்சு.

எங்களுக்குத் தெரிந்தது இடக்கை.
பதினேழு வருடம்
பசுக்களுக்குள் தோள்வரை போய்வந்த கை.
பேனா பிடித்ததும் அதுதான்.
சிமெண்டுச் சட்டைக்கோ
மடிப்புக் கலையாத முழுக்கை.
பொதிக்குதிரைக்கார வெயிலான் சுற்றிவந்து பார்த்தான்:
"இவர் மாட்டுக்கு வந்தவரில்லை,
ஓட்டுக்கு வந்தவர்."

காலடியில் எந்த உயிர் என்று
ஆறு கூட்டம் நடந்தது.
பால் சங்கம் ஜெர்சி கேட்டது.
வெயிலான் வகையறா குதிரை.
மன்னவனூர்க்காரர்கள் செம்மறிக்காக
எழுந்து வெளியே போனார்கள்.
பணம் போதாமல் கடைசியில்
எதுவுமே இல்லை.
இப்போது ராத்திரியில் காட்டுமாடு வந்து
பீடத்தில் கழுத்தைத் தேய்த்துவிட்டுப் போகிறது.
எழுத்தில் 'கால்நடை' உதிர்ந்துவிட்டது.
'மருத்துவர், எழுத்தாளர்' மட்டும் மிச்சம்.

ஓய்வுக்குப் பின் எழுதிய புத்தகம்:
'இளங்கொடி விழும் வரை.'
காதல் கதையென்று வாங்கியவர்களும் உண்டு.
மனிதர் பெயரையெல்லாம் மாற்றியிருந்தார்,
மாட்டின் பெயர் ஒன்றைக்கூட மாற்றவில்லை.
யார் யாரென்று
ஒரே ராத்திரியில் ஊருக்குத் தெரிந்துபோயிற்று:
லில்லியின் ஈற்றில் மயங்கி விழுந்தவர்,
காரிக்கு ஊசி போட்டதற்கு
அழுகல் கிழங்கு மூட்டை கொடுத்தவர்.
போதும்பொண்ணு என்கிற நான்
அதில் ரோஜாமணி.
சுட்டி, சுட்டியேதான்.

நூற்றுப் பதினெட்டாம் பக்கம்.
"விடியட்டும் என்றேன்.
விடிந்தது.
சுட்டி இல்லை."
அவ்வளவு.
அதன் கீழே பாதிப் பக்கம் வெள்ளை.

நாலு வருடம் நான் அவரோடு பேசாததை
எழுதவில்லை.
பேசாத நாளிலும் கன்றுக்குத் தடுப்பூசி போட வந்து,
கயிறு எங்கே என்று என்னிடம் கேட்காமல்
தொழுவமெல்லாம் தானே தேடியதையும்.

திறப்பு விழாவில் கலெக்டர்
மயங்கி விழுந்த கதையைச் சொன்னார்.
நல்ல கைதட்டல்.
என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.
"சுட்டி" என்றேன்.
இரண்டாவது வார்த்தை வரவில்லை.
மைக்கை மெல்ல வாங்கிக்கொண்டார்கள்.

அன்றைக்கே மருந்தகத்துக்கும் அவர் பெயர்.
பலகை புதுசு. பூட்டும் புதுசு.
டாக்டர் பணியிடம் மூன்றாவது வருடமாகக் காலி.

தை மாதம், புல்லெல்லாம் உறைபனி.
குருசுமுத்துவின் கிடாரிக்குத் தலையீற்று.
மூக்கு வந்துவிட்டது,
ஒரு கால் வந்துவிட்டது,
மற்றது உள்ளே மடங்கிக் கிடக்கிறது.
கொடைக்கானலுக்குப் போன் போட்டால்
"விடியட்டும்" என்றார்கள்.

நான் சோப்பை எடுத்தேன்.
பால் சங்கத்தில் சணலில் கட்டித் தொங்கும் புத்தகத்தை
அறுத்துக்கொண்டு ஓடிவந்தான் பரமன்.
பக்கம் அறுபத்தொன்று.
அதில் யாரோ முன்பே வைத்த ரத்த ரேகை.
செல்போன் வெளிச்சத்தில் வாசித்தான்:
"அவள் முக்கும்போது தள்ளாதே.
மூச்சு வாங்குவாள், அப்போது தள்ளு.
முழங்காலை மேலே ஏற்று.
குளம்பை உள்ளங்கையில் பொத்திக்கொள்,
கருப்பை கிழியாமல்.
இனி மெதுவாக முன்னால் கொண்டுவா."

கொண்டுவந்தேன்.
என் கைக்குத் தெரியாததை
அந்தக் குரல் சொல்லச் சொல்ல.
இரண்டு குளம்பும் ஒன்றாக வெளியே தெரிந்தன.
பரமனுக்கு எங்கே நிறுத்துவதென்று தெரியவில்லை.
அதே ராகத்தில் அடுத்த வரியையும் வாசித்துவிட்டான்:

"இதற்குள் மாட்டுக்காரர் மயங்கியிருப்பார்.
கிடக்கட்டும்.
கன்றைத் துடைத்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்."

திரும்பிப் பார்த்தோம்.
குருசுமுத்து தீவனச் சாக்கின்மேல்
அரைக்கண் மூடிச் சாய்ந்திருந்தான்.